பெட்டிக்கு அந்தப் பக்கம்

கடிதம் மூன்று பக்கம். சுகன்யா மேரி தப்பு செய்தாள் என்று அதில் எந்த இடத்திலும் இல்லை. படித்தவர்கள் எழுதுகிற கடிதத்தில் அப்படிப் போட்டு உடைக்கமாட்டார்கள். ‘தரையிறங்கும் கட்டத்தில் வேகத்தைக் கண்காணிப்பதில் பயிற்சி விமானி போதிய கவனம் செலுத்தவில்லை எனத் தெரிய வருகிறது’ என்று ஆங்கிலத்தில் வழவழவென்று எழுதுவார்கள். யாருக்குத் தெரிய வந்தது, எப்படித் தெரிய வந்தது என்று திருப்பிக் கேட்க அதில் ஆளே இருக்காது. மூன்றாவது பக்கத்தின் அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே அவள் பெயர். இதை ஏற்றுக்கொண்டு பதினைந்து நாளுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஒரு வருடம் பறக்கத் தடை, அதோடு சரி. மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுதலாம்.

அடைக்கலசாமி அதை வாசல் கேட்டில் நின்றபடியே படித்து முடித்தார். ரெட்டிபாளையம் சாலையில் சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மனைவி ஆரோக்கிய செல்வி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க போட்டிருக்கு?”

“இவ கவனிக்கலைன்னு போட்டிருக்கு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

அவள் உள்ளே போய்விட்டாள். குக்கர் விசில் அடித்தது. ஒன்பது வாரமாக அந்த வீட்டில் பேச்சு இந்த அளவுக்குத்தான். அழுது தீர்த்துவிட்ட வீடு என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் சரியாக அழவே இல்லை. அடைக்கலசாமிக்கு அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை, பசி மட்டும் வேளைக்கு வந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஒன்பது வாரத்துக்கு முன்னால், வேறொரு மாநிலத்தில் இருக்கிற ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று ஓடுபாதைக்கு முந்நூறு மீட்டர் முன்னாலேயே வயலில் விழுந்தது. ஓட்டியவள் அவருடைய மகள் சுகன்யா, வயது இருபத்தொன்று. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் ஜெயசீலன் சார். சார் அங்கேயே போய்விட்டார். சுகன்யாவுக்குத் தோள் எலும்பும் இரண்டு விலா எலும்பும் உடைந்தன.

ஜெயசீலன் சார் பெரம்பலூர்க்காரர். வரதராஜன்பேட்டையில் சுகன்யா பன்னிரண்டாவது படித்தபோது, பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு மணி நேரம் பேசினார். பேசிவிட்டு அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது இவள் போய், பெண்களும் பைலட் ஆகலாமா சார் என்று கேட்டிருக்கிறாள். ஏம்மா, விமானத்துக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியுமா என்று அவர் திருப்பிக் கேட்டாராம். அந்தப் பயிற்சிப் பள்ளியில் அவர் இருக்கிறார் என்பதற்காகவே அவ்வளவு தூரம் அனுப்பினார்கள்.

விழுந்த பிறகு அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னாள். “ஸ்கிரீன்ல எழுபத்திரண்டு இருந்துச்சு.” ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னாள், விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் சொன்னாள், அம்மாவிடம் சொன்னாள். எழுபத்திரண்டு என்பது வேகம். அறுபத்தைந்துக்குக் கீழே போகாமல் இருந்தால் அந்த விமானம் ஒழுங்காக இறங்கும். ஆனால் விழுந்து கிடந்த விமானத்தில், ஓட்டுபவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் மாற்றுக்கு வைத்திருக்கும் சின்ன முள் மீட்டர் நாற்பத்தொன்றில் அடித்து நின்றிருந்தது. எழுபத்திரண்டு என்று நீ எப்படிப் பார்த்திருக்க முடியும் என்று கேட்டார்கள். நாலு பேர் நாலு விதமாகக் கேட்டபின் அவள் அதையும் சொல்வதை விட்டுவிட்டாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று அடைக்கலசாமிக்குத் தோன்றியது. சோறு வைத்தால் சாப்பிட்டாள். காபி வேணுமா என்றால் “ம்” என்றாள். கொல்லைப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டு மதிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வருடத் தடை பெரிய விஷயமே இல்லை, போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள் என்றுதான் ஆலையில் எல்லோரும் சொன்னார்கள். அடைக்கலசாமிக்கு வருடம் ஒரு பொருட்டில்லை. கையெழுத்துப் போட்டால் ஜெயசீலன் சார் செத்தது தன்னால்தான் என்று அவளே எழுதிக்கொடுத்ததாக ஆகும். இருபத்தொரு வயதில் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு பெண் மிச்சக் காலத்தை எப்படித் தள்ளுவாள்? அவருக்குள் உயிரோடு இருந்த ஒரே கவலை இதுதான். மற்றதெல்லாம் மரத்துப்போயிருந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கடிதத்தை இன்னொரு தடவை எடுத்தார். இரண்டாவது பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. அதே மாதிரியான இன்னொரு விமானத்தில் அந்த ஸ்கிரீனைச் சோதித்துப் பார்த்தார்களாம். ஸ்கிரீனுக்கு வருகிற வயரைக் கழற்றியதும், வேகம் காட்டும் இடத்தில் ஒரே விநாடியில் சிவப்பாகப் பெருக்கல் குறி வந்துவிட்டதாம். ஆகவே, தகவல் வருவது நின்றிருந்தால் சிவப்புக் குறிதான் வந்திருக்கும். சிவப்பு வந்ததாக மாணவி சொல்லவில்லை. ஆகவே ஸ்கிரீன் சரியான வேகத்தைத்தான் காட்டியது, மாணவிதான் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டதுபோல எவ்வளவு அழகாக வருகிறது பாருங்கள். வேறு யாராக இருந்தாலும் இதோடு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அடைக்கலசாமி இருபத்தாறு வருடமாக சிமெண்ட் ஆலையில் கருவிகள் பிரிவில் இருப்பவர். அவர் வேலையே மீட்டர், வயர், ஸ்கிரீன் இந்த மூன்றுக்கும் நடுவில் கிடப்பதுதான். பத்தியைப் படித்ததும் அவர் மனதில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது. வயரை எந்த முனையில் கழற்றினார்கள்?

கொல்லைக்குப் போனார். “பாப்பா, போனைக் குடு.”

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தாள்.

பரீட்சைக்குப் படிப்பதற்காக விமானத்தின் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தாள். அதில் வயரிங் படம் ஏழு பக்கம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு கோடாகப் பிடித்துக்கொண்டு போனார். விமானத்தை அவர் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஆனாலும் படம் அவருக்கு அந்நியமாக இல்லை.

விமானியின் முன்னால் இருக்கிற அந்தப் பெரிய ஸ்கிரீனைப் பார்த்தால் எல்லாம் அதற்குள்ளேயே நடப்பதுபோல இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை, அது ஒரு நல்ல டிவி, அவ்வளவுதான். இறக்கையில் ஒரு குழாய் எதிர்க்காற்றை வாங்குகிறது. அந்த அழுத்தத்தை உள்ளே ஒரு யூனிட் வேகமாக மாற்றுகிறது. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல இன்னொரு யூனிட். இன்ஜின் சூட்டுக்கு ஒரு வழி, திசைக்கு ஒரு வழி. ஒவ்வொன்றும் தன் தன் வயரில் விநாடிக்குப் பல தடவை ஒரு எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். எண்ணோடு ஒரு குறிப்பும் போகும். இந்த எண்ணை நம்பலாம், அல்லது நம்பாதே. நம்பாதே என்று வந்தாலோ, எண்ணே வராமல் போனாலோ ஸ்கிரீன் சிவப்புக் குறி போடும். சொன்னதைச் சொல்வது தவிர ஸ்கிரீனுக்குச் சொந்தக் கருத்து கிடையாது.

அந்த விமானம் பழையது, ஸ்கிரீன் புதிதாக வாங்கி மாட்டியது. காற்றை அளக்கும் பழைய யூனிட் ஒரு முறையில் பேசும், புது ஸ்கிரீனுக்கு அந்த முறை புரியாது. அதனால் நடுவில் உள்ளங்கை அளவு ஒரு பெட்டி. பழையது சொல்வதை வாங்கி, புதியதற்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற மொழிபெயர்ப்புப் பெட்டி. படத்தில் அது ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு அடைக்கலசாமி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அந்தப் பயிற்சிப் பள்ளியில் மின்னணுக் கருவிகளைப் பார்க்கும் டெக்னீஷியனுக்குப் போன் போட்டார். பெயர் பிரேம்குமார், வாலிகண்டபுரத்துப் பையன். அவனையும் அங்கே கூட்டிக்கொண்டுபோய் வேலைக்குச் சேர்த்துவிட்டவர் ஜெயசீலன் சார்தான்.

“தம்பி, நான் சுகன்யாவோட அப்பா பேசறேன்.”

“சொல்லுங்க சார். சுகன்யா எப்படி இருக்கு?”

“இருக்கா. லெட்டர் வந்துச்சு. ஸ்கிரீன் டெஸ்ட் நீங்கதான் பண்ணுனீங்களா?”

“ஆமா சார். ஆபீசர்ங்க பக்கத்துலயே நின்னாங்க. வயரைக் கழட்டுனதும் சிவப்பு வந்துருச்சு.”

“எந்த முனையில கழட்டுனீங்க?”

“புரியல சார்.”

“ஸ்கிரீன் முதுகுல கழட்டுனீங்களா, நடுவுல இருக்கிற பெட்டிக்கு அந்தப் பக்கம் கழட்டுனீங்களா?”

பதில் அடைக்கலசாமிக்குத் தெரியும். ஸ்கிரீனைச் சோதித்துக் காட்டு என்று சொன்னால் எந்த டெக்னீஷியனும் ஸ்கிரீனுக்குப் பின்னால்தான் கையை விடுவான். கைக்கு எட்டுகிற கனெக்டர் அதுதான். அந்தப் பெட்டி சீட்டுக்கு அடியில் ஒரு தகட்டுக்குள் இருக்கும், எட்டு ஸ்குரூ கழற்ற வேண்டும். அதிகாரிகள் வெயிலில் நிற்கும்போது எவன் எட்டு ஸ்குரூ கழற்றுவான்? ஆலையிலும் அவர் ஆட்கள் அப்படித்தான். அவரும் அப்படித்தான்.

“ஸ்கிரீன் பின்னாடிதான் சார்.”

“முன்னாடி எப்பவாவது விழுந்த விமானத்துல சிவப்பு வந்து வந்து போயிருக்கா?”

“வாரத்துக்கு மூணு நாலு தடவை வரும் சார். பெட்டிக்குப் போற கனெக்டர் லூசு. ஆட்டத்துல தொடர்பு விட்டு விட்டு வரும்.”

“அப்புறம் நின்னுருச்சா?”

“நின்னுருச்சு சார்.”

“தானா நிக்காது தம்பி.”

பிரேம்குமார் குரலை இறக்கிப் பேசினான். “பெட்டி செட்டிங்கில ஹோல்டுன்னு ஒண்ணு இருக்கு சார்.”

“தெரியும்.”

“சிவப்பு வந்தா விமானத்தை எடுக்க விடமாட்டாங்க. பசங்க வரிசையில நிப்பாங்க. புது கனெக்டர் வர ஒரு மாசம் ஆகும்னாங்க. ஒரு செகண்டு ரெண்டு செகண்டுதான விட்டுப்போகுது, அதைத் தாண்டுனாப் போதும்னு போட்டேன் சார். யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்.”

ஹோல்டு என்றால் வேறொன்றும் இல்லை. புது எண் வராவிட்டால், கடைசியாக வந்த எண்ணையே பிடித்து வைத்துக்கொண்டு, நம்பலாம் என்ற குறிப்போடு திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பது. தொடர்பு ஒரு விநாடி விட்டால் யாருக்கும் தெரியாது. முழுக்க விட்டுப்போனாலும் யாருக்கும் தெரியாது.

அடைக்கலசாமிக்கு இந்த இடத்தில் கோபம் வந்திருக்க வேண்டும். மகளைக் கொல்லப் பார்த்தவன், சாரைக் கொன்றவன் என்று கத்தியிருக்க வேண்டும். அவர் காத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ‘ஒரு செகண்டு ரெண்டு செகண்டுதான’ என்கிற அந்த வார்த்தையை அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

“எங்க ஆலையில கில்ன் இருக்கு தம்பி, சிமெண்டைச் சுடுற பெரிய உருளை. சூட்டைக் காட்டுற கம்பி ஒண்ணு விட்டுப்போனா அது தானா நின்னுரும். திரும்ப ஓட்ட ஒரு ஷிப்ட் ஆகும். அதுல பதினோரு இடத்துல நானே ஹோல்டு போட்டு வெச்சிருக்கேன்.”

“சார்...”

“இப்ப இன்னொரு விமானத்துல அந்தப் பெட்டியைத் தொறந்து இதே ஹோல்டைப் போடுங்க. குழாய்ல பம்பு வெச்சுக் காத்தடிச்சு ஒரு வேகத்தைக் கொண்டாங்க. பெட்டிக்கு அந்தப் பக்கம் கழட்டுங்க. அப்புறம் காத்தை எறக்குங்க. போன்ல படம் எடுத்து அனுப்புங்க.”

“அனுப்புனா என் வேலை போயிரும் சார்.”

“ஆமா, போயிரும்.”

பொய் சொல்லி அவனைத் தேற்ற அடைக்கலசாமிக்குத் தெம்பு இல்லை. போனை வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினார்.

மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. அந்த மூன்று நாளில் அவர் ஒரு வேலை செய்தார். கில்னில் போட்டிருந்த பதினோரு ஹோல்டையும், பதிவேட்டில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். இரண்டாம் நாள் மத்தியானமே ஒரு கம்பி விட்டுப்போய் கில்ன் நின்றது. ஷிப்ட் இன்சார்ஜ் அன்பழகன் ஓடிவந்தார்.

“யாரு சாமி ஹோல்டை எடுத்தது?”

“நான்தான் சார்.”

“இத்தனை வருஷம் இல்லாதது என்ன வந்துச்சு இப்ப?”

“விட்டுப்போனா விட்டுப்போச்சுன்னு தெரியட்டும்னு எடுத்தேன்.”

அன்பழகன் நிறையப் பேசினார். அடைக்கலசாமி கேட்டுக்கொண்டு நின்றார். வெளியே கன்வேயர் ஓடாமல் நிற்க, ஆலை அவ்வளவு அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லை. வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. கம்பியை மாற்றக் கிளம்பினார்.

நாலாம் நாள் பிரேம்குமாரிடமிருந்து வீடியோ வந்தது. நாலு நிமிடம். ஸ்கிரீனில் தொண்ணூறு என்று இருக்கிறது. ஒரு கை சீட்டுக்கு அடியில் போய் கனெக்டரைக் கழற்றிக் காட்டுகிறது. பம்பிலிருந்து காற்று இறங்கும் சத்தம். குழாயிலிருந்து நேராகக் காற்று வாங்கும் சின்ன மீட்டரில் முள் இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. பெரிய ஸ்கிரீனில் தொண்ணூறு. சிவப்பு இல்லை, எந்தக் குறியும் இல்லை, பச்சை எழுத்தில் தெளிவாகத் தொண்ணூறு. நாலு நிமிடமும் தொண்ணூறு. கடைசியில் பிரேம்குமாரின் குரல் மட்டும் கேட்டது: “விழுந்த விமானத்திலும் இதே செட்டிங்தான் இருந்தது. போட்டது நான். பெயர் பிரேம்குமார்.” அதிகாரிகளுக்கும் அனுப்பிவிட்டதாகக் கீழே எழுதியிருந்தான்.

அடைக்கலசாமி போனை மகளிடம் நீட்டினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழுவதையும் பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள்.

“நீ பார்த்தது நெசந்தான் பாப்பா. எழுபத்திரண்டு இருந்துருக்கு.”

“ம்.”

அவ்வளவுதான். இதைக் கேட்டதும் அவள் எழுந்து வருவாள், அழுவாள், கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் அவர் உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மதிலைப் பார்த்தாள்.

அன்று சாயந்திரம் பதில் கடிதத்தை அவரே எழுதினார். குழாய், யூனிட், பெட்டி, ஸ்கிரீன் என்று வரிசையாக, ஒரு பிள்ளைக்குப் புரிகிற மாதிரி படம் போட்டார். எந்த முனையில் கழற்றினால் எது தெரியும் என்று எழுதினார். ஹோல்டு போடும் பழக்கம் தனக்கும் உண்டு, அதனால்தான் இது தனக்குத் தெரிந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார். கடைசியில், ஆகவே என் மகள் வேகத்தைக் கண்காணித்தாள், அவள் பார்த்த எண் தவறானது, அவள் மேல் குற்றமில்லை என்று முடித்தார். சுத்தமாகப் பிரதி எடுத்து, பேனாவோடு மகள் முன்னால் வைத்தார்.

“என் கையெழுத்துக்குப் பக்கத்துல நீயும் கையெழுத்துப் போடு. நாளைக்கு ரிஜிஸ்டர் தபால்ல போட்டுடலாம்.”

சுகன்யா படித்தாள். படித்துவிட்டு, விசாரணை அதிகாரிகளிடமிருந்து வந்த கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைக் கேட்டாள். அதில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள். “இதுக்குப் பதில் எழுதலியேப்பா.”

அடைக்கலசாமி குனிந்து பார்த்தார். ‘பயிற்றுநர் ஜெயசீலனும் இறுதிக் கட்டத்தில் வேகம் குறைவதைக் கவனித்ததாகவோ எச்சரித்ததாகவோ தெரியவில்லை.’ அந்த வரியை அவர் இரண்டு தடவை படித்திருக்கிறார். சாரைப் பற்றியது, மகளைப் பற்றியதில்லை என்று கண் தாண்டிப் போயிருக்கிறது.

“அது சாரைப் பத்தி. நமக்கு அதுல என்ன?”

“சார் கவனிச்சாருப்பா.”

அவள் குரல் சாதாரணமாக இருந்தது. மதிலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அவரு பக்கம் ஸ்கிரீன் கிடையாது. என் முன்னாடி மட்டுந்தான். சின்ன மீட்டரும் என் முழங்காலுக்கிட்ட இருக்கு, அங்கேருந்து அவருக்குத் தெரியாது. ரெண்டு பேரு மட்டும் இருந்தா சார் தமிழ்லதான் பேசுவாரு. ‘என்னம்மா, காத்துச் சத்தம் கொறையுற மாதிரி இருக்கே, ஸ்பீட் எவ்ளோ காட்டுது?’ன்னாரு. நான் ஸ்கிரீனைப் பார்த்து எழுபத்திரண்டு சார்னேன். ‘சரிம்மா’ன்னு வெளிய பார்த்தாரு. அவரு காதுல கேட்டது சரி. நான் சொன்னது தப்பு. வேகம் ரொம்பக் கொறஞ்சா அடிக்கிற ஹாரன் அடிக்கிறப்ப தரை வந்துருச்சு.”

ஒன்பது வாரத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான். அடைக்கலசாமி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இதை யார்கிட்டயும் சொன்னியா?”

“இல்ல.”

“அந்த விமானத்துல பேச்சு எதுவும் பதிவாகுமா?”

“ஆகாது.”

“அப்ப இதை எழுதாத பாப்பா. அவரு சந்தேகப்பட்டுக் கேட்டாருன்னா, அப்பவாவது நீ சின்ன மீட்டரைப் பார்த்திருக்கணும்னு திருப்புவாங்க. இப்பத்தான் உன் மேல ஒண்ணும் இல்லைன்னு ஆயிருக்கு. யாருக்கும் தெரியாத விஷயம். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

“எழுதாட்டா அவரு சும்மா உக்காந்திருந்தாருன்னு ஆயிரும்ப்பா.”

“செத்தவருக்கு இனிமே என்ன?”

சொன்ன பிறகுதான் தான் எவ்வளவு கேவலமாகப் பேசினோம் என்று அவருக்கு உறைத்தது. சுகன்யா அவரைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

“அக்கா இருக்காங்கல்ல,” என்றாள்.

அக்கா என்று அவள் சொன்னது சாரின் மனைவி வெற்றிச்செல்வியை. சார் போன பிறகு அவர் பெரம்பலூர் துறைமங்கலத்தில் அம்மா வீட்டோடு வந்துவிட்டார் என்று கேள்வி. இதே மூன்றாம் பக்கம் அவருக்கும் போயிருக்கும். அடைக்கலசாமி ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பெரம்பலூர் பஸ்ஸைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

வலது கையைத் தூக்க முடியாததால் சுகன்யா இடது கையால் எழுதினாள். அடைக்கலசாமியின் சுத்தமான பிரதிக்குக் கீழே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தில், சார் கேட்டதும் தான் சொன்னதும் அவர் ‘சரி’ என்றதும். நான்கு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. பேனாவை என்னிடம் கொடு, நான் எழுதுகிறேன் என்று சொல்ல அடைக்கலசாமிக்கு வாய் வரவில்லை. குற்றமில்லை என்று அவர் எழுதியிருந்த வரியின்மேல் அவள் ஒரு கோடு இழுத்தாள்.

“தபால்ல போடறதுக்கு முன்னாடி அக்காகிட்ட நான் நேர்ல சொல்லணும்ப்பா.”

காலையில் அரியலூரிலிருந்து பஸ் ஏறினார்கள். ஒரு மணி நேரப் பயணம். பெரம்பலூரில் இறங்கி, துறைமங்கலத்தில் விசாரித்துப் போனபோது வெற்றிச்செல்வி மாடிப்படிக்குக் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் மடித்த துணியைக் கீழே வைக்காமல் எழுந்து நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

சுகன்யா நின்றபடியே சொன்னாள். சார் கேட்டது, தான் சொன்னது, அவர் சொன்னது. பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடைக்கலசாமிதான் இடையில் புகுந்து, ஸ்கிரீன் தப்பாகக் காட்டியது, முழங்காலுக்குப் பக்கத்துச் சின்ன மீட்டர்தான் சரியாகக் காட்டியது என்று வீடியோ வரைக்கும் விளக்கினார். வெற்றிச்செல்வி அவரைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

“கேட்டாரா?” என்றார் சுகன்யாவிடம்.

“கேட்டாருக்கா.”

“கவனிக்கலைன்னு எழுதியிருக்காங்களே.”

“பொய்க்கா. எனக்கு முன்னாடி அவருக்குத்தான் தெரிஞ்சுச்சு.”

“நீ சொன்னதும் சரின்னுட்டாரா?”

“ஆமா.”

“வூட்டுல நான் கேஸை அணைச்சுட்டேன்னு சொன்னாக்கூட நம்பமாட்டாரு. ஒரு தடவை போய்ப் பார்த்துட்டுத்தான் படுப்பாரு.” வெற்றிச்செல்வி துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “உன்னை நம்பிட்டாரு.”

அது திட்டா, வேறு ஏதாவதா என்று அடைக்கலசாமிக்கு விளங்கவில்லை. சுகன்யாவுக்கு விளங்கியது என்று தோன்றியது. அவள் தலையை ஆட்டினாள்.

வெற்றிச்செல்வி கடிதத்தை வாங்கி, கோணல்மாணலான அந்த நான்கு வரியை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இதுல ஒரு எழுத்தும் மாத்தாம அனுப்பு. இப்ப கிளம்புங்க. என்னால இதுக்கு மேல நிக்க முடியாது.”

கேட்டைச் சாத்திவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பின்னாலிருந்து வெற்றிச்செல்வி கூப்பிட்டார்.

“சுகன்யா. அவரு கேட்டப்ப அந்தச் சின்ன மீட்டர் எவ்ளோ காட்டியிருக்கும்?”

“ஐம்பத்தெட்டு இருக்கும்க்கா.”

“அதைப் பார்த்துச் சொல்லியிருந்தா?”

அடைக்கலசாமி மகளின் கையைப் பிடித்தார், பேசாமல் வா என்பதுபோல. அவள் கையை விடுவித்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

“சார் இருந்திருப்பாருக்கா,” என்றாள்.

சொல்லிவிட்டு அங்கேயே, தெருவில், கேட்டைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். உடம்பு குலுங்கியது, உடைந்த தோளோடு சேர்ந்து குலுங்கியது. வெற்றிச்செல்வி துணியைப் படியில் போட்டுவிட்டு வந்தார். அடிக்க வருகிறாரோ என்று அடைக்கலசாமி ஒரு அடி முன்னால் வைத்தார். வெற்றிச்செல்வி கேட்டுக்கு உள்பக்கமே நின்று, கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் கேட்டைத் திறக்காமலே அழுதார்கள்.

அடைக்கலசாமி கடிதத்தை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். மகளுக்கு இனிமேல் இது போகாது, எந்தக் கடிதத்தாலும் போகாது என்று அவருக்குப் புரிந்தது. ஒன்பது வாரம் மரத்துக் கிடந்த நெஞ்சு வலித்தது. நல்லவேளை, வலித்தது.